மலைநாட்டில் தூண்டிலுக்கு மண்புழு: தேடுவது, வளர்ப்பது, கோர்ப்பது

காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலை என்று எந்த நீர்த்தேக்கத்தின் கரைக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். நல்ல தூண்டில், புதுத் தங்கூசி, பளபளக்கும் முள். பக்கத்திலேயே ஒரு தகர டின்னில், வெயிலில் வெந்துபோன புழு. தூண்டிலுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் புழுவுக்குக் கொஞ்சம் கவனம் கொடுக்காமல், காலையிலிருந்து வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உயிருள்ள புழு தண்ணீருக்குள் நெளியும். அதன் உடம்புச் சாறு மெல்லக் கசிந்து பரவும். கலங்கிய தண்ணீரில் கார்ப்பும் கெளுத்தியும் கண்ணை நம்பி இரை தேடுவதில்லை, மீசையாலும் மணத்தாலும்தான் தேடுகின்றன. செத்து வெளுத்த புழுவில் அசைவும் இல்லை, சாறும் இல்லை. ஒரு கடியிலேயே முள்ளை விட்டுக் கழன்றும் போய்விடும்.

தொடங்குவதற்கு முன் ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, தோலால்தான் மூச்சு விடுகிறது. அதன் உடம்பில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். பெட்டியில் தண்ணீர் தேங்கினால் காற்றுக் கிடைக்காமல் சாகும். உப்பு, சோப்பு, உரம், மருந்து எது பட்டாலும் நேரே தோல் வழியாக உள்ளே போகும். கீழே சொல்லப்போகிற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

எங்கே தேடுவது

தேயிலை மலைக்குள் தேடாதீர்கள். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட முதலில் அங்கேதான் தோண்டிப் பார்க்கிறார்கள், மண் கறுப்பாகவும் ஈரமாகவும் இருப்பதால். ஆனால் தேயிலைக்குப் பிடித்த மண் புளிப்பு மண், பி.எச். 4.5 முதல் 5.5 வரை. பெரும்பாலான மண்புழுக்களுக்கு அவ்வளவு புளிப்பு ஒத்துக்கொள்ளாது. அதற்கு மேல் உரமும் களைக்கொல்லியும். இன்னொன்றும் இருக்கிறது. 1946-இல் இலங்கைத் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. அதைத் தடுக்கச் செம்பு கலந்த மருந்தை மழை மாதங்களில் தெளித்தார்கள். செம்பு மழையில் கரைந்து காணாமல் போவதில்லை, மேல்மண்ணிலேயே தங்கும், மண்புழுவுக்கு அது நஞ்சு. பழைய மலையில் மணிக்கணக்காகத் தோண்டினாலும் ஒல்லியான நாலு புழுதான் கிடைக்கும்.

மருந்து அதிகம் அடிக்கிற உருளைக்கிழங்கு, லீக்ஸ் பாத்திகளையும் விட்டுவிடுங்கள். வெலிமடைப் பக்கமும் நுவரெலியாப் பக்கமும் இது முக்கியம். அங்கே எடுத்த புழு கையில் உயிரோடு இருக்கும், அடுத்த நாள் பெட்டியில் கூழாகிக் கிடக்கும்.

நல்ல இடம் மாட்டுப்பட்டிக்குப் பின்பக்கம், பழைய சாணிக் குவியலின் ஓரம். அடுத்தது வாழைப் புதரின் அடி, குப்பைக் குழி, பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடி முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி (சோப்பு நுரை நிற்கிற இடம் வேண்டாம்), லயத்துக்கு முன்னால் உள்ள மரக்கறித் தோட்டம். மண் உருண்டை உருண்டையாகச் சிறு குவியலாக மேலே தள்ளப்பட்டிருந்தால் கீழே புழு இருக்கிறது. அந்தக் குவியல் ஈரமாக, விரலில் ஒட்டினால், நேற்றிரவு வந்துபோன புழு.

மலைச்சரிவின் அடியில், லயத்துக்குப் பின்னால் உள்ள மண்திட்டைப் புழுவுக்காகக் குடைய வேண்டாம். அங்கே மண் மிருதுவாக இருக்கும், புழுவும் இருக்கும், உண்மைதான். ஆனால் மழைக்காலத்தில் திட்டின் அடிமண்ணை எடுப்பது மேலே இருக்கிற மண்ணை அழைப்பதற்குச் சமம். 2014-இல் மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியதற்குப் பிறகும் இதை ஒருவர் செய்வதைப் பார்த்தால், தயங்காமல் சொல்லித் தடுங்கள்.

கான் ஓரத்திலும் சேற்றிலும் கை வைப்பதென்றால் எலிக்காய்ச்சலை நினைவில் வையுங்கள். கையில் வெட்டு, கீறல் இருந்தால் ரப்பர் கையுறை போடுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மலசலகூடக் குழியின் பக்கம் போகவே வேண்டாம்.

எந்தப் புழு

நம் மலைகளில் தூண்டில்காரருக்குப் பயன்படுகிற புழுக்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். மண்ணைத் தின்று மண்ணுக்குள் வாழ்பவை ஒன்று. சாணியையும் மக்கிய குப்பையையும் தின்று மேலாக வாழ்பவை மற்றது. பெட்டியில் வைத்து வளர்க்க இரண்டாவது கூட்டம்தான் சரி.

முதல் கூட்டத்தில் அதிகம் கிடைப்பது வெளிறிய சாம்பலும் இளஞ்சிவப்புமான தோட்டப் புழு. தோல் கெட்டி, முள்ளில் நன்றாக நிற்கும். சாணிப் பெட்டியில் போட்டால் வளராது. அன்றைக்கு எடுத்து அன்றைக்கோ மறுநாளோ பயன்படுத்துங்கள், அதே மண்ணோடு வையுங்கள். இலைக் குப்பைக்குக் கீழே இன்னொரு பழுப்புப் புழு உண்டு. தொட்ட உடனே பாம்புபோலத் துள்ளும், பயந்தால் வாலைக் கழற்றிவிட்டுப் போகும். முள்ளில் அதன் ஆட்டத்துக்கு ஈடு இல்லை. ஆனால் மூடி கொஞ்சம் திறந்திருந்தாலும் இரவோடு இரவாகப் போய்விடும்.

வளர்ப்புப் புழுவில் உங்கள் ஊரின் உயரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மண்புழு உரம் செய்கிறவர்களிடம் பெரிய ஊதாச் சாம்பல் நிற ஆப்பிரிக்கப் புழு கிடைக்கும். பருமனைப் பார்த்து எல்லோருக்கும் ஆசை வரும். அது சூட்டில் வாழ்கிற புழு, 25 பாகை செல்சியஸுக்குப் பக்கத்தில்தான் செழிக்கும். கண்டி, கம்பளை, மாத்தளை, பதுளைக்கு நல்லது. நுவரெலியாவில் ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவுதான். கந்தப்பளை, அம்பேவளைப் பக்கம் இரவுக் குளிரில் அது சுருண்டு கிடக்கும், குஞ்சு பொரிக்காது, தை மாதப் பனியில் செத்தும் போகும். அந்தக் குளிருக்கு ஏற்றது சிவப்பு உடம்பில் மஞ்சள் வளையம் ஓடுகிற சாணிப் புழு. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை மாதிரி நடு உயரத்தில் அதோடு, வெளிச்சத்தில் நீலமாக மின்னுகிற மெல்லிய சிவப்புப் புழுவும் நன்றாக வரும். இந்த நீலப் புழு நம் பக்கத்துப் புழுதான், சுறுசுறுப்பானது. மழை வருமுன் கூட்டமாகப் பெட்டியை விட்டு ஏறுகிற பழக்கம் மட்டும் அதற்கு உண்டு.

மஞ்சள் வளையப் புழுவை நசுக்கினால் நாற்றமுள்ள மஞ்சள் நீர் வரும். சில மீன் அதைக் கவ்விவிட்டுத் துப்பும். கோர்ப்பதற்கு முன் தண்ணீரில் ஒருமுறை அலசிக் கோர்த்தால் பெரிதாகப் பாதகமில்லை. என்னைக் கேட்டால் திலாப்பியாவுக்கு நீலப் புழு, கார்ப்புக்குத் தோட்டப் புழு அல்லது ஆப்பிரிக்கப் புழு.

வாங்கும்போது ஒரு கைப்பிடியை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். தொட்டதும் சட்டென்று சுருங்க வேண்டும். தோல் ஈரமாக மினுங்க வேண்டும். மழை பெய்த மண்ணின் வாசம் வர வேண்டும், புளித்த வாடை வந்தால் வேண்டாம். தலைப்பக்கம் தடித்த பட்டை இருந்தால் அது முட்டையிடுகிற வளர்ந்த புழு. பெட்டி தொடங்கப் பட்டை உள்ளவை பாதியாவது வேண்டும்.

ஒன்றைக் கட்டாயம் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். தலை அரைவட்டமாக விரிந்து, உடம்பு தட்டையாக, பிசுபிசுவென்று கோடு கோடாக ஒரு புழு ஈரமான இடத்தில் ஊரும். அது மண்புழுவே அல்ல, மண்புழுவைத் தின்னுகிற தட்டைப் புழு. ஒன்று பெட்டிக்குள் போனாலும் பெட்டி காலியாகும். அதை வெட்டாதீர்கள், துண்டு ஒவ்வொன்றும் திரும்ப வளரும். கையால் தொடாமல் குச்சியால் எடுத்து உப்புத் தண்ணீரிலோ வினாகிரியிலோ போடுங்கள்.

பிடிப்பது

மண்வெட்டியைவிட நாலு பல் முள்ளு நல்லது. முள்ளைச் சரிவாகக் குத்தி, மண்ணை ஒரே கட்டியாகப் புரட்டி, கையால் உதிர்த்து எடுங்கள். வளையில் பாதி உடம்போடு இருக்கிற புழுவை இழுத்தால் அறுந்துவிடும். மெல்லப் பிடித்துக்கொண்டே இருங்கள், சில நொடியில் அதுவே பிடியைத் தளர்த்தும்.

தோண்டாமலே பிடிக்க இன்னொரு வழி, எனக்கு மிகவும் பிடித்தது. நிழலான இடத்தில் பழைய சாணியையும் மரக்கறித் தோலையும் மெல்லப் பரப்பி, மேலே நனைத்த படங்குச் சாக்கை விரித்து, காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். சில நாளில் சாக்கைத் தூக்கிப் பார்த்தால் அடியில் புழு ஒட்டிக்கிடக்கும். உர பேக்கை மட்டும் விரிக்காதீர்கள், எத்தனை முறை கழுவினாலும் அதில் உரத்தின் உப்பு இருக்கும்.

மழை விட்ட இரவில் மேலே வருகிற புழுவைப் பொறுக்கலாம். டோர்ச்சின் கண்ணாடியில் சிவப்பு செலோபன் தாளைக் கட்டுங்கள், சிவப்பு வெளிச்சம் புழுவுக்கு அவ்வளவாக உறைக்காது. காலை மெதுவாக வையுங்கள், நிலம் அதிர்ந்தால் உள்ளே போய்விடும். மண்ணுக்குள் மின்சாரம் பாய்ச்சிப் புழு எடுப்பதாகச் சிலர் சொல்வார்கள். ஈர மண்ணில் மின்கம்பியோடு நிற்பது உயிரோடு விளையாடுவது. சோப்புத் தண்ணீர் ஊற்றினால் புழு வரும், வந்தது சீக்கிரம் சாகும்.

வளர்க்கும் பெட்டி

ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தை முதல் பங்குனி வரை வறட்சி. மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றி, அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில்கள் தண்ணீருக்கு வெளியே தெரிகிற காலம் அதுதான். கரையெல்லாம் தூண்டில்காரர்கள் நிற்பதும் அப்போதுதான். அதே வறட்சியில் தோட்டத்துப் புழு ஆழத்துக்குப் போய் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும், கிடைக்காது. ஊவாப் பக்கம் இது ஆனி முதல் புரட்டாசி வரை. அதனால் மழைக்காலத்திலேயே வீட்டில் ஒரு பெட்டி தொடங்கிவிடுங்கள்.

மீன் வியாபாரிகள் ஒதுக்கிய ரெஜிஃபோம் பெட்டி நம் ஊருக்கு மிகப் பொருத்தம். பகல் வெயிலும் இரவுக் குளிரும் உள்ளே சட்டென்று இறங்காது. உப்பும் மீன் நாற்றமும் போகும்வரை கழுவி வெயிலில் காயவையுங்கள். அடியில் பென்சில் பருமனில் ஏழெட்டு ஓட்டை, பக்கவாட்டில் மேலாகச் சில ஓட்டை. எல்லாவற்றுக்கும் உள்பக்கம் கொசுவலைத் துண்டை ஒட்டிவிடுங்கள். இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். எறும்பு வருகிற வீடென்றால், செங்கல்லை விட்டு நாலு கால் பலகையில் வைத்து, ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிய டின்னில் நிறுத்துங்கள். எறும்பு ஏறினால் பெட்டி உள்ளே காய்ந்துவிட்டது என்றும் அர்த்தம், அதையும் பாருங்கள்.

படுக்கைக்குப் பாதி ஊறவைத்துப் பிழிந்த தும்புத்தூள், பாதி பழைய சாணி. தும்புத்தூளை இரண்டு மூன்று தண்ணீரில் கழுவுங்கள், சிலவற்றில் உப்பு இருக்கும். சாணி மூன்று கிழமையாவது வெளியே கிடந்து ஆறியிருக்க வேண்டும். புதுச் சாணி சூடேறும், அமோனியா வாடை வரும், இரண்டும் புழுவைக் கொல்லும். குவியலின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள், சூடு தெரிந்தால் இன்னும் பொறுங்கள். மேலே கிழித்த பத்திரிகைத் தாள். மொத்த ஆழம் ஒரு சாண் போதும், இந்தப் புழுக்கள் மேலாகத்தான் வாழும்.

ஈரத்தைக் கையால்தான் பார்க்க வேண்டும். படுக்கையை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஓடினால் அதிகம், சொட்டே வராவிட்டால் குறைவு. பீலித் தண்ணீர் நல்லது. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரென்றால் ஒரு இரவு திறந்த வாளியில் வைத்துவிட்டுத் தெளியுங்கள்.

புழுவைப் போட்ட முதல் இரவு பெட்டிக்கு மேலே ஒரு பல்ப் எரியட்டும். புது இடம் பிடிக்காமல் ஏறி ஓடப் பார்க்கும், வெளிச்சம் இருந்தால் கீழே போய்ப் பழகிக்கொள்ளும். நீலப் புழு வைத்திருப்பவர்கள் பெருமழை இரவுகளிலும் இதைச் செய்யலாம்.

சாப்பாட்டில்தான் நிறையப் பேர் பெட்டியைக் கெடுக்கிறார்கள். பூசணித் தோல், வாழைப்பழத் தோல், கரட் தலை, கோவா இலை, ஊறிய பருப்புத் தோல் எல்லாம் சரி. லீக்ஸ், வெங்காயம், தேசிக்காய், ஊறுகாய், உப்புப் போட்ட கறி, தேங்காய்ப்பால் சேர்ந்த மிச்சம் எதுவும் வேண்டாம். தேயிலைச் சக்கையைப் போடலாம், கொஞ்சமாக. தினமும் கொட்டினால் படுக்கை புளித்துவிடும். புளிப்பை அடக்க நன்றாகப் பொடித்த முட்டைக்கோது ஒரு கைப்பிடி, இல்லாவிட்டால் தேயிலைக்குப் போடுகிற டொலமைட்டில் ஒரு தேக்கரண்டி. சுட்ட சுண்ணாம்பு போடவே கூடாது, அது தோலை எரிக்கும். சாப்பாட்டை ஒரே மூலையில், படுக்கைக்குள் புதைத்து வையுங்கள். முன்பு வைத்தது தீர்ந்த பிறகுதான் அடுத்தது.

சோறு, மா, கோழித்தீவனம் மாதிரி சத்து மிகுந்ததை அள்ளிப் போட்டால் அது உள்ளே புளித்து, புழுவின் உடம்பு கோர்த்த மணி போல அங்கங்கே வீங்கி, இடையில் ஒடுங்கிப் போகும். அப்படி ஒன்றைக் கண்டால் அன்றைக்கே கெட்ட சாப்பாட்டை எடுத்துவிட்டு, புதிய ஈரத் தும்புத்தூளைக் கலந்து, மூடியைத் திறந்து காற்று விடுங்கள். வீங்கியவை பிழைக்காது, மற்றவற்றைக் காப்பாற்றலாம்.

படுக்கையில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, மஞ்சள் பழுப்பில், இரு முனையும் கூரான சிறு மணிகள் தெரிந்தால் அவை முட்டைக்கூடுகள். அப்போது பெட்டியைக் கிளறாதீர்கள். குளிர் ஊரில் பொரிக்க நாளாகும். நுவரெலியாப் பக்கம் பனி விழுகிற இரவுகளில் பெட்டியைச் சமையலறைக்குள் கொண்டுபோய் வையுங்கள், அடுப்புக்கு ஒட்டியல்ல, எதிர்ச் சுவர் ஓரமாக.

மீன்பிடிக்கப் போகுமுன்: பாசியில் இரண்டு நாள்

பெட்டியிலிருந்து எடுத்த புழுவை நேரே முள்ளில் கோர்ப்பவர்கள்தான் அதிகம். அதன் குடல் முழுக்கச் சாணியும் மண்ணும். தோல் மெல்லியதாக இருக்கும், முள் பட்டதும் கிழிந்து மண் பிதுங்கும். இரண்டு நாள் பாசியில் போட்டுவைத்தால் அதே புழு வேறு புழுவாகிவிடும்.

மலைநாட்டில் பாசிக்குப் பஞ்சமில்லை. காட்டு மரத்தில் உரிக்க வேண்டாம், கான் சுவரிலும் கல் கட்டிலும் இருப்பதே போதும். மண் போக அலசி, பிழிந்து, ஐஸ்கிரீம் டப்பாவில் தளர்வாக நிரப்புங்கள். மூடியில் ஊசியால் ஓட்டைகள். நல்ல புழுக்களை மேலே பரப்பினால் தாமாகவே பாசிக்குள் இறங்கும். அரை மணி நேரத்துக்குப் பிறகும் மேலேயே கிடப்பவை அடிபட்டவை, எடுத்துப் போடுங்கள். ஒன்று செத்தால் டப்பா முழுக்கக் கெடும். சாப்பாடு ஒன்றும் வேண்டாம். மறுநாள் பாசியை மாற்றி, திரும்ப ஒருமுறை பாருங்கள்.

இரண்டாம் நாள் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். உள்ளே ஓடிய கறுப்புக் கோடு மறைந்து, உடம்பு தெளிந்து, சிவந்து தெரியும். விரலுக்கிடையில் உருட்டினால் இறுக்கமாக, வழுக்கிக்கொண்டு போகும். அந்தத் தோல்தான் முள்ளில் நிற்கும். பாசி கிடைக்காத இடத்தில் ஈரமான பத்திரிகைத் தாளும் உதவும், ஆனால் பாசிக்கு நிகரில்லை.

கரையில்

மலையில் காற்றுக் குளிராக இருப்பதால் வெயில் தெரியாது. டப்பாவை அரை மணி நேரம் வெயிலில் விட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஈரத் துணியில் சுற்றி, பைக்குள், நிழலில் வையுங்கள். கையில் புகையிலை, கொசு மருந்து, பெட்ரோல் வாடை இருந்தால் கழுவிவிட்டுப் புழுவைத் தொடுங்கள்.

திலாப்பியாவுக்கு வாய் சின்னது. 8 அல்லது 10ஆம் இலக்க முள், பாதிப் புழு, நுனியில் ஒரு நகம் அளவு மட்டும் தொங்கட்டும். அதிகம் தொங்கினால் சின்ன மீன்கள் வாலைக் கடித்துத் தின்றுவிட்டுப் போகும், தக்கை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். கார்ப்புக்கு 4 அல்லது 6ஆம் இலக்கம், முழுப் புழு. பட்டைக்குள் முள்ளை முதலில் ஏற்றுங்கள், அங்கேதான் தோல் கெட்டி. இன்னொரு இடத்தில் ஒருமுறை குத்தி எடுத்து, இரண்டு முனையும் நெளிய விட்டு, சிறு ஈயத்தோடு அடியில் கிடத்துங்கள். விலாங்குக்குப் பொழுது சாய்ந்த பிறகு, கல் இடுக்கின் பக்கம், இரண்டு மூன்று புழுவை ஒன்றாகக் கோர்த்துப் போடுங்கள்.

புழு வெளுத்து அசைவு நின்றால் மாற்றுங்கள். மீன் தொடாவிட்டாலும் கால் மணிக்கு ஒருமுறை தூக்கிப் பாருங்கள். அணைக்கட்டுக்கும் நீர் திறக்கும் வாய்க்கும் பக்கத்தில் மட்டும் போக வேண்டாம்.

மிச்சப் புழுவைக் கரையிலோ ஓடையிலோ கொட்டிவிட்டு வராதீர்கள். சிவப்புச் சாணிப் புழுவும் ஆப்பிரிக்கப் புழுவும் வெளியிலிருந்து வந்தவை, நம் மலைக்காட்டு மண்ணுக்கென்று சொந்தப் புழுக்கள் இருக்கின்றன. ஹோட்டன் சமவெளிப் பக்கம் போகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், 1988 முதல் அது தேசியப் பூங்கா. டப்பாவோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, அடிபடாதவற்றை மட்டும் பெட்டியில் திரும்பப் போடுங்கள். முள் பட்டதைக் கோழிக்குப் போட்டுவிடலாம்.